உச்சி வெயிலில் வரும் வேன்

எக்கியார்குப்பம்
10 பிப்ரவரி 2025

எஸ்.ஐ. பிரிசில்லா மேடம் அவர்களுக்கு,

என் பெயர் மலர்கொடி. உங்களுக்கு நினைவிருக்காது. 2023 மே மாதம் எங்கள் குப்பத்தில் சாராயம் குடித்து ஆட்கள் செத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வாக்குமூலம் எழுத வந்தீர்கள். என் வீட்டுக்காரர் சிங்காரம் அன்று காலையில்தான் இறந்திருந்தார். நீங்கள் கேள்வி எதுவும் கேட்காமல் முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். கிளம்பும்போது, "ட்ரம்மு, கேனு, எதுனா சந்தேகமா பாத்தீங்கன்னா எனக்கு எழுதுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல" என்று சொல்லி விலாசம் தந்தீர்கள்.

இப்போது பார்த்துவிட்டேன்.

நான் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறேன். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுவோம். உச்சி வெயிலில் அளத்தில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில்தான் ஒரு வேன் வருகிறது. கால்வாய் ஓரமாக வெங்கடாசலம் முதலாளிக்கு ஒரு பழைய உப்புக் கிடங்கு உண்டு. பல வருஷமாகச் சும்மா கிடந்தது. உப்பு பாக்கெட் போடப்போகிறோம் என்று சொல்லிப் புதுத் தகரம் போட்டார்கள். கூடவே ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். உப்பு பாக்கெட் போடுகிற இடத்தில் ஜன்னலை எதற்கு அடைப்பார்கள்? உள்ளே போவதெல்லாம் நீல ட்ரம்தான். ஒரு உப்பு மூட்டைகூடப் போய் நான் பார்க்கவில்லை.

தூக்குவாளியை மறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போன ஒரு நாள் இதைக் கண்டேன். பக்கத்தில் போனால் மூத்திர நாற்றமும் நெயில் பாலிஷ் வாடையும் கலந்து மூக்கை அறுக்கிறது. கால்வாயில் மடவை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. மறுபடியும் சாராயம்தானோ என்று பயமாக இருக்கிறது.

போன் பண்ணாதீர்கள். எங்கள் வீட்டுப் போன் என் ஒருத்தியுடையது அல்ல. கீழ்புத்துப்பட்டில் தையல் கடை வைத்திருக்கும் மேரிசெல்வி என்னோடு படித்தவள். கீழே இருக்கும் அவள் விலாசத்துக்கு எழுதினால் எனக்கு வந்து சேரும்.

மலர்கொடி

*

விழுப்புரம்
18 பிப்ரவரி 2025

மலர்கொடி அக்காவுக்கு,

உங்களை நன்றாக நினைவிருக்கிறது. அந்த டீயை நீங்கள் குடிக்கவே இல்லை. கையிலேயே ஆறிப்போனது.

நீங்கள் சொல்வது சாராயம் அல்ல என்று நினைக்கிறேன். அந்த வாடை எனக்குப் பழக்கம். கண்ணாடித் தூள் மாதிரி, பார்த்தால் பொடி உப்பு மாதிரியே இருக்கும் ஒரு போதைப்பொருள் உண்டு. பையன்கள் அதை 'ஐஸ்' என்பார்கள். அதைக் காய்ச்சும் இடத்தில்தான் இந்த நாற்றம் வரும். உப்போடு உப்பாக ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொண்டுபோனால் எந்தச் சோதனைச்சாவடியிலும் சந்தேகம் வராது.

உடனே வரவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போன வருடம் வேறொரு ஊரில் இப்படி ஒரு இடத்துக்குள் நுழைந்தோம். முகத்தில் ஈரக் கைக்குட்டை கட்டிக்கொண்டு போனோம், வேறு ஒன்றும் இல்லை. அருள்பிரகாசம் என்ற ஏட்டு முதலில் போனார். உள்ளே ஒரு ட்ரம் வெடித்தது. அவருக்கு இன்றுவரை ஒரு கண் தெரியவில்லை. நான்தான் அவரை முன்னால் அனுப்பினேன்.

போதைப்பொருள் வழக்குகளைத் துப்புத் துலக்க மத்திய அரசு மாநிலப் போலீசுக்கு மானியம் தருகிறது. எங்கள் கடலோரத் தனிக்குழு ஓடுவதே அதில்தான். ரசாயனத்தைக் கையால் தொடாமலே இன்னதென்று காட்டும் கருவி ஒன்றையும், உடம்பு முழுக்க மூடும் உடுப்பையும், மூச்சுக் கவசத்தையும் கேட்டிருந்தோம். கருவி வந்துவிட்டது. உடுப்பும் கவசமும் வரவில்லை. அவை இல்லாமல் என் ஆட்களை இனி எந்தக் கிடங்குக்குள்ளும் அனுப்பமாட்டேன்.

கிடங்குப் பக்கம் போகாதீர்கள். தூரத்திலிருந்து கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். வேனின் நம்பர் என்ன? யார் ஓட்டுகிறார்கள்?

பிரிசில்லா

*

எக்கியார்குப்பம்
5 மார்ச் 2025

மேடம் அவர்களுக்கு,

போகாதே என்றீர்கள். போய்விட்டேன்.

கால்வாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மேரிசெல்வியிடம் கொடுத்திருக்கிறேன். மஃப்டியில் யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். துணி தைக்க வந்தவர் மாதிரி வரச் சொல்லுங்கள்.

தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது சுவருக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. தகரத்துக்கும் செங்கலுக்கும் நடுவே ஒரு சந்து. அதில் ஒரு வாய் தெரிந்தது. "பானி, பானி" என்றது. வடக்கத்தி ஆள். பின்னால் இன்னொருவன் இருமுகிறான். கதவுக்குப் போய்ப் பார்த்தேன். வெளியே பெரிய பூட்டு. ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டி வேலை வாங்குகிறார்கள் மேடம். நான் குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைச் சந்தில் சாய்த்தேன். பாதி அவன் வாயில் விழுந்தது, பாதி சுவரில் வழிந்தது. அவன் உதடெல்லாம் வெடித்திருந்தது. உப்பில் நிற்கும் எங்கள் கால்கூட அப்படி வெடிக்காது.

உங்கள் ஆட்களுக்கு உடுப்பு வரவேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். சந்து வழியாகப் பார்த்தேன், உள்ளே இருக்கிறவன் இடுப்பில் ஒரு லுங்கி மட்டும்தான் கட்டியிருக்கிறான்.

வேன் நம்பரைப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவன் முகத்தில் துண்டு கட்டியிருந்தான்.

சீக்கிரம் வாருங்கள்.

மலர்கொடி

*

விழுப்புரம்
29 மார்ச் 2025

மலர்கொடி அக்காவுக்கு,

உங்கள் பாட்டில் வந்து சேர்ந்தது. கருவியில் வைத்தோம். நான் சந்தேகப்பட்டதுதான். ஆய்வகமும் அதையே எழுத்தில் கொடுத்துவிட்டது. இனி இது ஊகம் அல்ல, வழக்கு.

உடுப்புக்காகச் சென்னைக்குப் போய் வந்தேன். செக்‌ஷனில் இருந்தவர் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போன வருஷ மானியத்துக்கு நீங்க பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பல. அது வராம அடுத்தது ரிலீஸ் ஆகாது" என்றார். அனுப்ப வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார், பின்னால் வந்தவர் பார்க்கவில்லை. "சார், ஆள் உள்ள செத்துட்டு இருக்கான்" என்றேன். "மேடம், நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அங்கேயே ஒரு மேஜையில் உட்கார்ந்து, போன வருடக் கணக்கை நானே எழுதி, அன்று சென்னைக்கு வந்திருந்த எஸ்.பி.யிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மே மாதத்துக்குள் வந்துவிடும் என்கிறார்கள்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஆள் மேத்யூ, மீன் வாங்க வந்தவன் மாதிரி சாலையோரம் நின்று அந்த வேனைப் பார்த்தான். நம்பர் கிடைத்தது. பிறகு டிரைவரும் கிடைத்தார். பெயர் ஜெயப்பிரகாஷ். லைசென்ஸில் இருக்கும் விலாசம் உங்கள் வீட்டு விலாசம்.

அக்கா, முகத்தில் துண்டு கட்டியிருந்தாலும் சொந்தத் தம்பியைத் தெரியாமல் போகுமா? ஏன் மறைத்தீர்கள்? இவ்வளவு நாளும் நான் உங்களை நம்பினேன். நீங்கள் என்னை நம்பவில்லை. அவரிடம் இந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களா? அதை மட்டுமாவது உண்மையாகச் சொல்லுங்கள்.

பிரிசில்லா

*

எக்கியார்குப்பம்
6 ஏப்ரல் 2025

மேடம்,

சொல்லவில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

ஆமாம், அவன் என் தம்பி. எங்கள் அம்மாவுக்கு ஒரே மகன். சிங்காரம் போன பிறகு என் மகள் சத்யப்ரியாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பவன் அவன்தான். போன புயலில் அவன் படகு கல்லில் மோதி இரண்டாகப் போனது. கரையில் வந்து உட்கார்ந்தவனை வெங்கடாசலம்தான் கூப்பிட்டு வேனைக் கையில் கொடுத்தார். உப்பு லோடு என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பிறகு இருமிக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். கண் சிவந்திருக்கும். சட்டையில் அந்த நாற்றம் இருக்கும். "அங்க என்னடா பண்றாங்க?" என்று கேட்டேன். "உப்புக்கு மருந்து போடுறாங்க கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். தூக்குவாளியை நான் மறந்து வைக்கவில்லை மேடம். அவன் பின்னாலேயே போய்த்தான் பார்த்தேன்.

தெரிந்தும் ஏன் உங்களுக்கு எழுதினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். சிங்காரம் குடித்த சாராயத்தை விற்றவனுக்கும் ஒரு அக்காவோ அம்மாவோ இருந்திருப்பாள். அவன் எதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை. இந்த இரண்டு வருஷமாக முகம் தெரியாத அந்தப் பெண்ணைத்தான் நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். விற்றவனைக்கூட அவ்வளவு திட்டவில்லை. இப்போது அவள் இடத்தில் நானே நிற்கிறேன்.

அதனால் எழுதினேன். அதற்காக என் தம்பியை உங்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வருகிற நாளை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். அன்றைக்கு அவனைத் திண்டிவனத்துக்கோ எங்கேயோ அனுப்பிவிடுகிறேன். மற்றதெல்லாம் உங்கள் பாடு. இதைச் செய்யமாட்டீர்கள் என்றால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

மலர்கொடி

*

விழுப்புரம்
14 ஏப்ரல் 2025

மலர்கொடி அக்காவுக்கு,

நாளைச் சொல்லமாட்டேன்.

அன்று மட்டும் டிரைவர் வரவில்லை என்றால் வெங்கடாசலத்துக்குப் பொறி தட்டிவிடும். சரக்கு ஒரே மணி நேரத்தில் கடலுக்குள் போய்விடும். பூட்டிக் கிடப்பவர்களை என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. என் பக்கம் ஆறு பேர் உள்ளே போகப்போகிறார்கள். அருள்பிரகாசம் வீட்டுக்குப் போனால் அவர் மனைவி எனக்குக் காபி கொடுப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். இன்னொரு வீட்டில் அப்படி ஒரு காபியைக் குடிக்க என்னால் முடியாது.

உங்கள் தம்பி ஓட்டிய வேனுக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். தெரிந்து எவ்வளவு செய்தார், தெரியாமல் எவ்வளவு செய்தார் என்று நேர்மையாக விசாரிப்பேன். அடிக்க விடமாட்டேன். இவ்வளவுதான் என்னால் முடிந்தது. இதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் அது பொய்.

எதுவும் சொல்லாமல் இருங்கள் என்று உங்களிடம் கேட்கிறேன். கேட்கிறேன், உத்தரவிடவில்லை.

பிரிசில்லா

*

எக்கியார்குப்பம்
26 மே 2025

மேடம்,

கடைசிக் கடிதம் என்றேன். எழுத வேறு ஆள் இல்லை எனக்கு.

நீங்கள் வந்த அன்று கோயில் பக்கத்துப் புளியமரத்தடியில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. குப்பத்தில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. டிரைவர் நிதானமாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். உடுப்பு வந்துவிட்டது, இன்றைக்குத்தான் என்று புரிந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடினேன். ஜெயா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுத் தண்ணீர் பிடிக்கத் தெருவுக்குப் போனாள். நான் வாசல்படியிலேயே நின்றேன். நீங்கள் கேட்டது நினைவில் இருந்தது மேடம். அவன் தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்தது. அவன் கை கழுவ எழுந்ததும் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"டேய் ஜெயா, இன்னைக்குப் போகாத."

"ஏன்?"

"போகாதன்னா போகாத."

என் முகத்தையே பார்த்தான். "யாருக்கா வர்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டான். நான் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

கத்துவான், அடிப்பான் என்று நினைத்தேன். அவன் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்தான். கிடங்குச் சாவியும் அதில் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "ரெண்டு பேரு உள்ள இருக்கான் கா. வெளிய பூட்டு. போலீஸ் தலை தெரிஞ்சா கொளுத்திட்டு ஓடுன்னு கரையில ஒரு ஆள நிறுத்தி வச்சிருக்கான் முதலாளி. அவங்க வர்றதுக்குள்ள நான் தொறக்கணும்" என்றான்.

"நீ மாட்டிக்குவடா" என்று கையைப் பிடித்தேன்.

"எப்பிடியும் மாட்டத்தான் போறேன். விடு" என்றான். தன் போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தான். "நான் யாருக்கும் சொல்லலன்னு நீ தெரிஞ்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பின்னாலேயே அளத்துக்கு ஓடினேன். வரப்பில் வரும்போதே புகை. வெள்ளையாக, மூட்டை கட்டிய மாதிரி உங்கள் ஆட்கள் அதற்குள் போவதும் வருவதும் தெரிந்தது. ஒருவர் தோளில் யாரோ தொங்கிக்கொண்டிருந்தான். சட்டையைப் பார்த்துத்தான் அது ஜெயா என்று தெரிந்துகொண்டேன்.

உங்கள் பேச்சை நான் மீறிவிட்டேன். உங்கள் ஆள் யாருக்காவது அதனால் ஏதாவது ஆகியிருந்தால் சொல்லுங்கள்.

அம்மா தினமும் வாசலில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றுகிறாள். "எவ காட்டிக் குடுத்தாளோ அவ வாயி வெந்து போவ, அவ குடும்பம் நடுத்தெருவுல நிக்க" என்கிறாள். நான் உள்ளே அவளுக்கே கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மலர்கொடி

*

விழுப்புரம்
8 ஜூன் 2025

மலர்கொடி அக்காவுக்கு,

என் ஆட்கள் எல்லாரும் நலம். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனாலும் நீங்கள் செய்தது தவறு. உங்கள் தம்பி வேறு மாதிரி ஆளாக இருந்து, ஒரே ஒரு போன் பண்ணியிருந்தால் ஆறு பேரும் அந்தக் கதவுக்குப் பின்னால் செத்திருப்போம். இதை மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. உங்கள் கடிதத்தை எஸ்.பி.யிடம் அப்படியே கொடுத்துவிட்டேன்.

அன்று உள்ளே நான் பார்த்ததையும் சொல்கிறேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூட்டு திறந்திருந்தது. வடக்கத்திக்காரர் ஒருவர் வெளியே மண்ணில் கிடந்தார். பின்பக்கம் தீ பிடித்துவிட்டது. கரையில் நின்றவன் பற்றவைத்துவிட்டான். மேத்யூவும் நானும் உள்ளே போனோம். கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே பேய் மாதிரி கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகைதான். கீழே தட்டுப்பட்டது உங்கள் தம்பி. மயங்கிக் கிடந்தார். ஒரு கை மட்டும் இன்னொருவரின் லுங்கியைப் பிடித்தபடி இருந்தது. விரலைப் பிரித்துத்தான் இருவரையும் தூக்கினோம். போன வருடம் மாதிரி கைக்குட்டையோடு போயிருந்தால் ஒருவரும் திரும்பியிருக்கமாட்டோம். அந்த உடுப்பு கிடைக்க உங்களை மாதக்கணக்கில் காக்கவைத்தேன். அதற்குள் உங்கள் தம்பியின் நெஞ்சில் எவ்வளவு புகை போயிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இந்த வருடத்துப் பயன்பாட்டுச் சான்றிதழை நானே நிரப்பினேன். எத்தனை உடுப்பு, எத்தனை கவசம் என்று கேட்கிறார்கள். உயிரோடு வெளியே வந்தவர்களுக்கு அதில் கட்டம் இல்லை.

தம்பி பிழைத்துவிட்டார். தொண்டை வெந்திருக்கிறது. பேச்சு முழுதாகத் திரும்பாது என்கிறார்கள் டாக்டர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடலூர் ஜெயிலுக்குத்தான் போவார்.

இனி உங்கள் முடிவுக்கு ஒன்று இருக்கிறது. வெங்கடாசலத்தையும் பிடித்துவிட்டோம். கிடங்கை வாடகைக்கு விட்டதோடு சரி, எல்லாம் ஜெயப்பிரகாஷ் நடத்தியதுதான், சாவியே அவனிடம்தான் இருந்தது என்கிறார். நல்ல வக்கீல் வைத்திருக்கிறார். பூட்டு திறந்திருந்ததை நான் சொல்வேன். சரக்கை எடுத்துக்கொண்டு ஓட வந்தான் என்று அவர்கள் சொல்வார்கள். போலீஸ் வருவது தெரிந்தும், ஓடாமல், ஆட்களைக் காப்பாற்றப் போனான் என்பதைச் சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. தகவல் தந்தவரின் பெயரைக் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. சொன்னால் குப்பம் முழுக்கத் தெரியும்.

பிரிசில்லா

*

எக்கியார்குப்பம்
15 ஜூன் 2025

மேடம்,

முடியாது.

நான் இங்கேயே இருக்கவேண்டியவள். குழாயடிக்குப் போகவேண்டும். சத்யப்ரியா இந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கவேண்டும். கேட்காதீர்கள்.

மலர்கொடி

*

விழுப்புரம்
21 ஜூன் 2025

அக்கா,

சரி. இனி கேட்கமாட்டேன். கோர்ட்டுக்குப் போகும் எந்தத் தாளிலும் உங்கள் பெயர் வராது.

பிரிசில்லா

*

எக்கியார்குப்பம்
11 ஆகஸ்ட் 2025

மேடம்,

நேற்று வெங்கடாசலத்தின் மச்சான் வீட்டுக்கு வந்தான். பழக்கூடையோடு வந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மிகவும் மரியாதையாகப் பேசினான். "ஜெயா எல்லாத்தையும் ஒத்துக்கட்டும் மா. சின்னப் பையன், கோர்ட்டுல இரக்கப்படுவாங்க. வெளிய வர்ற வரைக்கும் உங்க குடும்பத்த நாங்க பாத்துக்கறோம். ஒரு படகு வாங்கித் தர்றோம். ஒங்க புள்ளைய காட்டிக் குடுத்தவங்களையும் கண்டுபுடிச்சிக் குடுக்கறோம்" என்றான்.

அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டாள் மேடம். ஜெயிலுக்குப் போய் அவனிடம் பேசிப் பார்க்கிறேன் என்றுகூடச் சொன்னாள். அம்மா சொன்னால் ஜெயா ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவான். அவனை எனக்குத் தெரியும்.

மச்சான் எழுந்தான். நான் கதவருகே போய் நின்றேன்.

"கண்டுபுடிக்க வேணாம். நான்தான் எழுதனேன்" என்றேன்.

அவன் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். பழக்கூடையை எடுத்துக்கொண்டே போய்விட்டான்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு பாஞ்சாலை அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பாஞ்சாலை அக்காவின் வீட்டுக்காரரும் அதே சாராயத்தில்தான் போனார். அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை. குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். உப்பளத்தில் மேஸ்திரி நாளையிலிருந்து வேலை இல்லை என்றுவிட்டார். சத்யாவை மட்டும் மேரிசெல்வி வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்கு வரவேண்டுமென்று சொல்லுங்கள். அவன் போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் கொண்டுவருகிறேன்.

மலர்கொடி

*

விழுப்புரம்
16 ஆகஸ்ட் 2025

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பெண் காவலர் பூவிழி உங்கள் வீட்டில் தங்குவார். சண்டை போடாமல் அவரை உள்ளே விடுங்கள். சமைக்கத் தெரியாது, நன்றாகச் சாப்பிடுவார்.

இனி போனில் பேசலாம். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் உங்களுக்கு எழுதுவதுதான் எனக்கு வருகிறது.

அந்த நாளைச் சொல்லாமல் இருந்தது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரிதான் என்றே தோன்றுகிறது. ஆனாலும் யோசனை நிற்கவில்லை.

பிரிசில்லா

*

கீழ்புத்துப்பட்டு
2 மார்ச் 2026

பிரிசில்லாவுக்கு,

மேடம் என்று எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜெயாவுக்கு ஜாமீன் கிடைத்த சேதி எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். வழக்கு இன்னும் முடியவில்லை, அவனும் தண்டனையிலிருந்து முழுதாகத் தப்பமாட்டான் என்று வக்கீல் சொல்கிறார். இருக்கட்டும். வெங்கடாசலத்துக்கு ஜாமீன் இல்லை. வடக்கத்தி ஆட்கள் இரண்டு பேரும் வந்து, பூட்டியது யார், திறந்தது யார் என்று நீதிபதியிடம் சொன்னார்கள். அவர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து திரும்பி வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

நான் சாட்சி சொன்ன அன்று நீங்கள் வேறு வழக்குக்குப் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கூண்டில் ஏறினேன். அந்தப் பக்கம் ஜெயா நின்றான், அப்போது இன்னும் ஜாமீன் வரவில்லை. பாதியாக இளைத்திருந்தான். வெங்கடாசலத்தின் வக்கீல் முதலில் நல்லபடியாகத்தான் கேட்டார். எத்தனையாவது வரை படித்தேன், கிடங்கு எவ்வளவு தூரம், வேன் என்ன நிறம் என்றெல்லாம். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க தம்பியக் காப்பாத்தத்தானே இந்தக் கதையெல்லாம் சொல்றீங்க?"

நான் ஜெயாவைப் பார்த்தேன். நீதிபதி அம்மா, "பதில் சொல்லுங்க" என்றார்.

"தம்பியக் காப்பாத்தணும்னா நான் அந்த மொத லெட்டரே எழுதியிருக்க மாட்டனே சார்" என்றேன்.

அவர் அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. ஜெயா தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குச் சத்தம் வெளியே வருவதில்லையே.

வெளியே வரும்போதுதான் பார்த்தேன். கடைசி பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பாஞ்சாலை அக்கா அழைத்து வந்திருக்கிறாள். நான் சொன்னது முழுவதையும் கேட்டிருக்கிறாள். என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ஒரே பஸ்தான். அவர்கள் முன்னால், நான் பின்னால். ஏழு மாதமாக எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை. திண்டிவனத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் மரக்காணம் பஸ்ஸுக்கு அப்படி ஒரு கூட்டம். முகூர்த்த நாள். நான் கூட்டம் வடியட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம், மேரிசெல்வி வீட்டுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் கிளம்பப் போகும் நேரம். ஜன்னலிலிருந்து அம்மாவின் தலை வெளியே வந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏறேன்டி. எவ்ளோ நேரமா எடம் புடிச்சி வச்சினு இருக்கறது?"

மலர்கொடி